அண்ணன் கல்யாணத்துக்கு மேக்கப் பொருட்கள் வாங்க 3,000 ரூபாய் வைத்திருக்கிறேன். ஏமாறாமல் எப்படி வாங்குவது?

கேள்வி கேட்டவர் தக்கலைப் பக்கம், வயது 22, இதுவரை பவுடரும் கண்மையும் தவிர வேறு எதுவும் போட்டதில்லை, கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். நான் மார்த்தாண்டத்தில் ஒரு ஃபேன்சி கடையில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். விற்கிற பக்கத்தில் நின்றதால் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

"அக்கா, மேக்கப் சாமான் எல்லாம் வேணும்" என்று யாராவது உள்ளே வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். கையில் பட்டியல் இல்லாதவர்களிடம் முதலில் எடுத்து நீட்டுவது செட்டைத்தான். இமைக்குப் பூசும் ஐஷேடோ நாற்பது நிறத்தில், கன்னத்துக்கு நாலு பிளஷ், குட்டி பிரஷ், மூடியில் கண்ணாடி. அதில் நீங்கள் தொடப்போவது மூன்று நிறம். பச்சையும் ஊதாவும் அப்படியே கிடந்து காய்ந்து, கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விளையாடப் போகும். அடுத்தது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். எல்லா ஆஃபரும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கடையில் ஆஃபருக்கு வந்தது பெரும்பாலும் தேதி நெருங்கிய சரக்குதான். தேதி நெருங்கியதை வரிசையில் முன்னால் வை என்பது முதலாளி எனக்கு முதல் நாளே சொல்லித் தந்த பாடம். அதனால் பின்னால் கைவிட்டு எடுங்கள். கூச்சப்பட வேண்டாம், எங்கள் வீட்டுக்கு வாங்கும்போது நாங்களும் அப்படித்தான் எடுப்போம். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் இருக்கும் லிப்ஸ்டிக்கையும் தொடாதீர்கள். மூடியைத் திறந்தால் மேலே எண்ணெய்த் துளி பூத்திருக்கும்.

பெரிய கடைகளில் ஒரு கம்பெனியின் சீருடையில் ஒரு பெண் நிற்பார். அவருக்கு அந்தக் கம்பெனி வைத்த விற்பனை இலக்கு உண்டு. நன்றாகப் போட்டுக் காட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் முகத்துக்கு வேறு கம்பெனி பொருள்தான் பொருந்தும் என்பதை மட்டும் அவர் வாயால் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

இனி அட்டை. முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம், பின்பக்கத்தில் இருப்பதுதான் விஷயம். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள்படி, நம் நாட்டில் செய்த பொருளில் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண் (எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண்), எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண். இவை இல்லாத பொருளால் நாளைக்கு முகம் வீங்கினால் யாரைப் போய்க் கேட்பீர்கள்? எனக்கு 19 வயதில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடையில் 60 ரூபாய்க்கு ஒரு சிவப்பு லிப்ஸ்டிக் வாங்கினேன். பெயர் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் மாதிரியே, ஒரே ஒரு எழுத்து மாறி. மறுநாள் உதடு தடித்து, மூன்று நாள் கஞ்சிதான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு ஊர்ப் பெயர்கூட இல்லை. வளையலும் பொட்டும் திருவிழாவில் வாங்குங்கள். கண்ணிலும் உதட்டிலும் படுவதை வேண்டாம்.

அதே பின்பக்கத்தில் திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படமும், உள்ளே 6எம், 12எம் என்றும் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதம்தான் என்று பொருள். இமை முடிக்குப் போடும் மஸ்காராவை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், கண் விஷயம். இன்னொன்று, கிராமுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்பதும் இப்போது அச்சடிக்கிறார்கள். காஜல் பென்சில்கள் பலவற்றில் மை 0.35 கிராம்தான் இருக்கும். நீளமான பென்சிலைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கல்யாண வீட்டில் யாராவது நிச்சயம் உங்கள் காதில் போடப்போகிற விஷயம்: முகம் வெளுக்கும் கிரீம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் சோப்பு, சென்ட், கூடவே பெயர் படிக்க முடியாத ஒரு டப்பாவும் வரும். எல்லை தாண்டினால் கேரளம், அங்கேயும் இதே கதைதான். 2023-இல் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரகம் பாதித்து வந்த சிலரை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். கிரீமைச் சோதித்தால் பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாகச் சோதனை நடத்தியது. பாதரசம் தோலில் கருநிறம் உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் முகம் சீக்கிரம் வெளுக்கிறது. தோல் வழியாகவே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கவும் செய்யும். நான் வேலை பார்த்த கடையிலும் இந்த மாதிரி டப்பாக்கள் கண்ணாடிக்குள் இருக்காது, மேசைக்கு அடியில் இருக்கும். கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் உறுத்துகிறது.

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு டியூப் இன்னொரு ரகம். என் மைனி (அண்ணன் மனைவி) இரண்டு மாதம் பூசினாள். "மக்களே, நல்லா வெளுத்திருக்கியே" என்று தெருவே சொன்னது. நிறுத்திய பத்தாம் நாள் முகம் சிவந்து, பரு கிளம்பி, வெயிலில் இறங்கினால் எரிச்சல். தோல் மருத்துவரிடம் எட்டு மாதம் நடந்தாள். ஒன்றரை மாதத்தில் நிறம் மாற்றித் தருகிறேன் என்று எது சொன்னாலும் தள்ளி வையுங்கள். உங்கள் நிறத்துக்கு என்ன குறை?

சரி, முகம் முழுக்க ஒரே நிறமாகத் தெரியப் பூசும் ஃபவுண்டேஷன். அதிகம் பேர் காசை விடுவது இதில்தான். கடைக்காரர்கள் புறங்கையில் தேய்த்துக் காட்டுவார்கள், கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை ஓரத்தில், கழுத்தோடு சேரும் இடத்தில் இரண்டு மூன்று நிறத்தைக் கோடு போடச் சொல்லுங்கள். போட்டதும் வாங்காதீர்கள். வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். கடை லைட்டில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். அப்புறம் ஒரு டீ குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில், வியர்வையும் முக எண்ணெயும் சேர்ந்து சில ஃபவுண்டேஷன் ஒரு படி கருத்துவிடும். எது கழுத்தோடு கலந்து காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. கல்யாண மண்டபத்தில் ஏசி இருந்தாலும் பந்தியில் பாயசம் பரிமாறும்போது எல்லாம் வழியும், அதனால் மெல்லிசாகப் பூசி மேலே பவுடர் ஒற்றினால் போதும்.

உங்கள் 3,000-ஐ நான் செலவு செய்தால் இப்படி: 450 ரூபாய்க்குள் வெயிலைத் தடுக்கும் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், அதை இன்றே தொடங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் தினமும் பூசினால் 50 கிராம் டியூப் கல்யாணம் வரை வரும். 600-க்குள் ஃபவுண்டேஷன், 250-க்குள் காம்பாக்ட் பவுடர், 200-க்கு காஜல், 700-க்குள் இரண்டு லிப்ஸ்டிக். ஒன்று உங்கள் உதட்டு நிறத்திலேயே, இன்னொன்று புடவைக்குச் சேர்ந்த அடர்நிறம். பிளஷ் தனியாக வேண்டாம், லிப்ஸ்டிக்கையே கன்னத்தில் லேசாகத் தொட்டுத் தேய்க்கலாம். கலைப்பதற்கு வீட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். பரு வருகிற முகம் என்றால் மட்டும் அது வேண்டாம், துளைகளை அடைக்கும். மிச்சம் 800 ரூபாயை அப்படியே வையுங்கள். முகூர்த்த நாளில் தோவாளைப் பிச்சிப்பூ என்ன விலை விற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆன்லைனில் வாங்குவதானால் கம்பெனியின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். பெரிய தளம் என்றால் விற்பவர் பெயரையும் பாருங்கள், தளம் ஒன்று, விற்கிறவர் வேறு. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்து, அட்டையிலும் டியூபிலும் ஒரே பேட்ச் எண்தானா என்று சரிபாருங்கள். கோளாறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

எதை வாங்கினாலும் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே ஒருமுறை போட்டுப் பாருங்கள். புதுப் பொருளை முதல்நாள் காது பின்னால் தடவி, மறுநாள் வரை அரிப்பு இல்லை என்றால்தான் முகத்துக்கு. கடைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள். வாரநாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். வெளிச்சமும் இருக்கும், கடையில் நிற்கிற பிள்ளைகளுக்குப் பொறுமையும் இருக்கும்.