எண்ணெய் தடவிய முட்டை

கேள்வி: கெலோனா ஏரிக்கரைப் பூங்காவில் வாத்து எச்சத்தால் கால் வைக்க முடியவில்லை என்கிறாள் கனடாவில் இருக்கும் என் மகள். அங்கே என்னதான் செய்கிறார்கள்?
– வாசகி, சேலம்

பதில்: அந்தக் கரையில் பேரனின் செருப்பைக் குச்சியால் சுரண்டியவன் நான், அம்மா. அவை மனிதர்கள் கொண்டுவந்து விட்ட ‘கனடா கூஸ்’ வாத்துகளின் வாரிசுகள், வலசை போவதில்லை. ஓர் ஊர் விரட்டினால் அடுத்த ஊர்க் கரையில் இறங்கிவிடும். அதனால்தான் கெலோனா, வெர்னான், பென்டிக்டன் என்று ஒகனாகன் பள்ளத்தாக்கு ஊர்களெல்லாம் செலவைப் பகிர்ந்துகொண்டு, முட்டை பொரிக்காமல் தடுக்க 2007 முதல் வசந்த காலத்தில் கூடு தேடுகின்றன.

இந்த முறையில் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் குஞ்சு வளர்ந்துவிட்டது என்று அர்த்தம், விட்டுவிட வேண்டும். மூழ்கினால் மக்காச்சோள எண்ணெய் தடவிக் கூட்டிலேயே வைப்பார்கள். காற்றுப் புகாமல் கரு நின்றுவிடும். எடுத்துப் போட்டால் தாய் மறுபடி முட்டையிடும். பொரிக்காத முட்டைமேல் அது அடைகிடப்பதை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது. ஆனாலும் சுடுவதற்கு இது மேல்.

மகள் கூடு கண்டால் தொட வேண்டாம். நகராட்சிக்குச் சொல்லட்டும்.