கேமரா கேட்கும் மகளுக்கு ஒரு வருடம் கொடுங்கள்

அன்புள்ள சார்,

பெரம்பூரிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகள் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறாள். 90,000 ரூபாய்க்கு ஒரு கேமரா கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். படிப்பு கெட்டுவிடுமோ, நாளைக்கு இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான்.

கேமராவை இப்போது வாங்க வேண்டாம். பி.காம். படிப்பையும் விட வேண்டாம். ஆனால் படம் எடுக்கப் போவதைத் தடுக்காதீர்கள்.

நானும் மாணவனாக இருந்தபோது கேமராவோடு அலைந்தவன்தான். என் படங்கள் சப்பென்று இருப்பதற்குக் கேமராதான் காரணம் என்று அப்போது உறுதியாக நம்பினேன். ஒரு சீனியரிடம் நல்ல கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்குப் போய் நானூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூக்குவியல், கூட்டம், பூக்குவியல், கூட்டம். ஒரு படத்திலும் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. சீனியர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் போ, ஆனால் ஒரே இடத்தில் நில்" என்றார். போனேன். முழம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு எதிரிலேயே ஒரு மணி நேரம் நின்றேன். முதல் பத்து நிமிடம் அவர் கேமராவையே பார்த்தார். அப்புறம் மறந்துவிட்டார். அன்றைக்கு மூன்று படம் தேறியது. அந்த மூன்றும் என் பழைய கேமராவில் எடுத்தவை.

காசிமேடு விஷயத்தில் உங்கள் மகள் கேட்பது சரி. சென்னையில் எட்டு, எட்டரை மணி ஆகிவிட்டால் வெயில் உயர ஏறி, முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழ ஆரம்பித்துவிடும். நமக்குச் சூரியன் கடல் பக்கம் உதிக்கிறது. கடலைப் பார்த்து எடுத்தால் படகும் ஆளும் கறுப்பு உருவங்களாகத்தான் வரும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால், வலை உதறுகிறவரின் முகத்தில் அந்த மஞ்சள் வெளிச்சம் நேராக விழும். இதைப் புத்தகத்தில் படித்தால் மனதில் நிற்காது, நாலு ஞாயிறு போய் நின்றால்தான் பிடிபடும். தோழியோடு போகட்டும். முதல் முறை நீங்களும் கூடப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கையில் என்ன வேண்டும்? செகண்ட் ஹேண்டில் ஒரு சாதாரண கேமரா, அதோடு ஒரு 50 எம்.எம். லென்ஸ். எஃப் 1.8 வரை, அதாவது நிறைய வெளிச்சம் உள்ளே வரும்படி அகலமாகத் திறக்கும் 50 எம்.எம். லென்ஸ் பெரும்பாலான கம்பெனிகளில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. ஜூம் கிடையாது, அதனால் காலால் நடந்து கிட்டே போகப் பழகுவாள். மயிலாப்பூர் அறுபத்து மூவர் உற்சவத்தில் பல்லக்கு அசைந்துகொண்டே இருக்கும். ஷட்டர் வேகத்தை விநாடியில் 250-இல் ஒரு பங்குக்கும் (1/250) மெதுவாக வைத்தால் முகம் கலங்கிவிட வாய்ப்பு அதிகம். மார்கழிக் கச்சேரியில் ஃபிளாஷ் போட்டால் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடைஞ்சல், அங்கே கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வைத்தான் ஏற்ற வேண்டும். பெரிய கேமரா தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கலாம்.

இன்னொன்று, இது நான் காசு கொடுத்துக் கற்றது. ஓர் ஐப்பசி மழையில் இரவல் லென்ஸைத் தோல் பையிலேயே போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்யும் செலவை நான்தான் கொடுத்தேன். நம் ஊர் ஈரத்துக்கு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைத்தாலே போதும்.

சம்பாத்தியத்துக்கு வருகிறேன். சென்னையில் முதல் வருமானம் பெரும்பாலும் கல்யாணத்தில்தான் வரும். மணப்பெண் அலங்கார அறையில் படம் எடுக்கப் பெண் போட்டோகிராபரைக் கேட்கிற குடும்பங்கள் நிறைய. ஆனால் எடுத்தவுடன் தனியாக ஒப்புக்கொள்ள விடாதீர்கள். கெட்டிமேளம் கொட்டித் தாலி கட்டும் அந்தச் சில விநாடி திரும்ப வராது. அந்த நேரத்தில் மெமரி கார்டு நிறைந்துபோய் நின்றவன் நான். உதவியாளனாகப் போயிருந்ததால், முக்கிய போட்டோகிராபர் எடுத்த படம் காப்பாற்றியது. அவளும் ஒரு வருடம் உதவியாளராகவே போகட்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது, வருமானமும் படுத்துவிடும். அதைத் திட்டமிட, விலை சொல்ல, கணக்கு எழுத அந்த பி.காம். கைகொடுக்கும். நன்றாகப் படம் எடுத்தும் கணக்குப் பார்க்கத் தெரியாமல் தொழிலை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அதோடு, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே போகும். அதனால் முதல் வேலையிலிருந்தே ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்கப் பழகட்டும்.

பட்டம் முடிந்தபின் வழிகள் உண்டு. செய்திப் படம் பிடித்திருந்தால் தரமணியில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முதுகலையும் இருக்கிறது. ஒளிப்பதிவு என்றால் அதே தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, சேரும் தகுதியை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்பட விழா அடுத்து நடக்கும்போது இரண்டு பேருமாகப் போய்ப் பாருங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். மாதம் ஒரு முறை, எடுத்ததில் பத்தே பத்து படத்தை அவளே பொறுக்கி, பக்கத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, வீட்டுச் சுவரில் ஒட்டட்டும். ஏன் இந்தப் பத்து என்று உங்களிடம் சொல்லட்டும். வருடக் கடைசியில் அந்த நூற்று இருபது படத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், மகளையும் அழைத்துக்கொண்டு. கேமராவைப் பற்றி அன்றைக்குப் பேசுவோம்.