சிடி அலமாரியைக் காலி செய்வதற்கு முன்
ஒலியும் வீடும்: வாசகர் கேள்வி பதில்

(சிடி பிளேயரிலிருந்து ஸ்ட்ரீமிங்குக்கு மாறுவது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழில் அவை மட்டும். பதில் சொல்பவர் ஒலிக்கருவிகள் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்.)

ஐயா, என் சிடி பிளேயர் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் 'நோ டிஸ்க்' என்கிறது. லென்ஸ் இனி கிடைக்காது என்கிறார் மெக்கானிக். முந்நூறு சிடி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. 'எல்லாத்தையும் காயலான் கடையில போட்டுட்டு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கலாம்' என்கிறான் மகன். என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

முதலில், ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் பாட்டு நன்றாகக் கேட்பதற்குக் காரணமே அந்த இரண்டும்தான். பழுதானது பிளேயர் மட்டும். அது இருந்த இடத்தில் வேறொரு பெட்டி வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைக் கழற்றினால், டிஸ்க் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் நீலம் கலந்த பளபளப்போடு கண்ணாடி மாதிரி ஒரு குமிழ் தெரியும். அதுதான் லென்ஸ். மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது. என்னிடம் வரும் பிளேயர்கள் பலவற்றில் அதன் மேல் புகைப் படலம் மாதிரி தூசி படிந்திருக்கும். ஊதுவத்தி ஏற்றும் கூடத்தில் வைத்திருந்த பிளேயர் என்றால் சொல்லவே வேண்டாம். பஞ்சுக் குச்சியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்துவிட்டு, காய்ந்ததும் டிஸ்க் போட்டுப் பாருங்கள். படித்தால் அதிர்ஷ்டம். படிக்காவிட்டால் லேசர் தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, லேசர் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரீமர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். வைஃபையில் பாட்டை வாங்கி, சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். பின்பக்கம் 'சிடி', 'ஆக்ஸ்', 'டேப்', 'டியூனர்' என்று எழுதியிருக்கும் எந்த இன்புட் சாக்கெட்டிலும் செருகலாம். 'ஃபோனோ' என்று எழுதிய இடத்தில் மட்டும் கூடாது. அது ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய சிக்னலைப் பல மடங்கு பெருக்குவதற்கான இடம், பாட்டு பிளந்துகொண்டு கேட்கும். ஸ்ட்ரீமரின் வால்யூமை முழுதாக வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபயரின் திருகிலேயே செய்யுங்கள்.

செலவு செய்ய மனமில்லையா? எங்காவது பரணில் பழைய டிவிடி பிளேயர் கிடக்கும். அது சிடியையும் படிக்கும். முந்நூறு சிடிக்கு அது உடனே உயிர் கொடுக்கும்.

சிடியில் இருந்த தரம் ஸ்ட்ரீமிங்கில் வருமா? மாதச் சந்தா கட்டி, போனிலிருந்து புளூடூத்தில் கேட்கிறேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே இருக்கிறது.
– வாசகர், மதுரை

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. சிடி ஒரு வினாடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதிவைக்கிறது. இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து வினாடிக்கு 1,411 கிலோபிட். 1982இல் சோனியின் முதல் பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது இருந்த கணக்கு இதுதான், இன்றும் மாறவில்லை. ஸ்ட்ரீமிங்கில் 'உயர்ந்த தரம்' என்று வெகுகாலம் தந்தது 320 கிலோபிட். கேட்காது என்று கணித்த பகுதிகளை விட்டுவிட்டு மிச்சத்தை அனுப்புகிற முறை அது. 320 நன்றாகவே இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் புளூடூத்தில் போன் அதை இன்னொரு முறை சுருக்கி அனுப்புகிறது. சுருக்கியதையே திரும்பச் சுருக்கினால் தம்புராவின் ரீங்காரமும் கைதட்டலும்தான் முதலில் நசுங்கும்.

ஆப்பிள் மியூசிக் 2021இல் கூடுதல் கட்டணம் இல்லாமலே, இழப்பில்லாச் சுருக்க முறையில் பாட்டைத் தரத் தொடங்கியது. எந்தச் சேவையாக இருந்தாலும் செட்டிங்ஸில் தரம் எதில் இருக்கிறது என்று பாருங்கள். டேட்டாவை மிச்சப்படுத்தக் குறைந்த தரத்தில் விட்டிருப்பவர்கள் ஏராளம். அப்புறம், புளூடூத்தை விட்டுவிட்டு வைஃபை வழியாகக் கேளுங்கள். 'காஸ்ட்' முறையில் போன் வெறும் ரிமோட்தான், பாட்டை இணையத்திலிருந்து பெட்டியே நேரடியாக எடுத்துக்கொள்ளும். நடுவில் போன் வந்தாலும் பாட்டு நிற்காது.

கர்நாடக இசை சிடிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். பாட்டுப் பெயர் வராமல் எல்லாம் 'டிராக் 01', 'டிராக் 02' என்றே வருகிறது. ஆப்பிலேயே எல்லாம் இருக்கும்போது இவ்வளவு பாடு தேவையா?
– வாசகி, ராஜபாளையம்

தேவை. இதைப் பத்துப் பேரிடமாவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

ஆப்பில் இருப்பது வாடகை. உரிம ஒப்பந்தம் முடிந்தால் ஒரு நாள் காலையில் அந்தக் கச்சேரி அங்கே இருக்காது. சின்னக் கம்பெனி வெளியிட்ட டிசம்பர் கச்சேரிப் பதிவுகள் பல ஆப்புக்கு வந்ததே கிடையாது. உங்கள் அலமாரியில் உள்ளவற்றில் எவையெல்லாம் அங்கே இல்லை என்று ஒரு நாள் உட்கார்ந்து தேடிப் பாருங்கள், அவற்றை முதலில் ஏற்றுங்கள்.

விண்டோஸ் என்றால் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற இலவச மென்பொருள். சந்தேகம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். மற்றவர்கள் எடுத்த காப்பியோடு உங்களுடையதை ஒப்பிட்டு, சரிதான் என்றும் சொல்லும். ஒப்பிட உங்கள் டிஸ்க்கின் காப்பியை வேறு யாரும் எடுத்திருக்காவிட்டால் 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுங்கள். இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று காட்டும். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் சுமார் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். ஒரு பிட் கூடப் போகாது, இடமோ ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். ஒரு டிஸ்க்குக்கு 350 எம்பி என்று வைத்தால், 300 டிஸ்க்குக்கு 105 ஜிபி. எம்பி3 வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் (மிருதங்கம், கடம் மட்டும் வாசிக்கும் பகுதி) என்று டிஸ்க்கில் தனித்தனி டிராக்காக வெட்டியிருப்பார்கள், வாசிப்பு மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். எம்பி3 ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும். தனியை முடித்துவைக்கும் கோர்வை என்ற தாளக் கோப்பு முடிந்து, பல்லவி தொடங்கும் எடுப்பில் வந்து விழவேண்டிய இடத்தில் சின்ன வெட்டு விழுந்தால், அந்தத் தனியை ரசிக்கவே முடியாது. ஃபிளாக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் கேட்கும் ஆப்பில் 'கேப்லெஸ்' வசதி (டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் பாடுவது) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெயர் விஷயம். பெரும்பாலான ஆடியோ சிடிகளில் பாட்டின் பெயரே பதிவாகியிருக்காது. மென்பொருள் இணையத்தில் யாரோ தட்டிவைத்ததைத்தான் எடுத்து வருகிறது, நம்முடைய டிஸ்க்குகளுக்கு அதுவும் பல சமயம் இருப்பதில்லை. 'எம்பி3டேக்' என்ற மென்பொருளில் நீங்களே எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், தேடினாலும் வரும். தலைப்பில் 'எந்தரோ மகானுபாவுலு – ஸ்ரீ – ஆதி' என்று ராகத்தையும் தாளத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள். 'கம்போசர்' கட்டத்தில் தியாகராஜர். பாடியவர் 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில். வயலின், மிருதங்கம், கடம் யார் யார் என்பதைக் 'கமெண்ட்' கட்டத்தில் போடுங்கள். இப்படிச் செய்தபின் 'தோடி' என்று தட்டினால் உங்கள் அலமாரியில் உள்ள தோடியெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எந்த ஆப்பும் உங்களுக்கு இதை இவ்வளவு சுத்தமாகச் செய்து தராது.

சிடிக்குள் இருக்கும் மடிப்புத் தாளை மறந்துவிடாதீர்கள். பக்கவாத்தியக்காரர்கள் பெயர், எந்த சபா, எந்த வருஷம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் போனிலேயே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, அந்தந்த டிஸ்க்கின் ஃபோல்டரிலேயே போட்டுவையுங்கள். மேடையில் மூன்று மணி நேரம் பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டியவர் பெயர் அந்தத் தாளைத் தவிர வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம்.

வேலை முடிந்ததும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள்.

ஒரே டிஸ்க்கில் நூறு பாட்டு இருக்கும் எம்பி3 சிடிகள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடுமா?
– வாசகர், ஈரோடு

கூடாது. போனது போனதுதான், கோப்பு மட்டும் பெரிதாகும். அப்படியே காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டுகளில் பிடித்தவற்றை ஸ்ட்ரீமிங்கில் தேடிக் கேளுங்கள், பெரும்பாலும் அங்கே இதைவிட நல்ல பிரதி கிடைக்கும்.

அப்பாவுக்கு 78 வயது. காலையில் எழுந்ததும் தானே டிஸ்க்கைப் போட்டுக் கேட்பார். புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம், போனில் தொட்டுத் தொட்டுத் தேடுவது அவருக்கு ஒத்துவரவில்லை. இப்போது பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

அம்மா, அப்பாவிடம் குறை எதுவும் இல்லை. கையால் தடவிப் பார்த்து எடுத்த பொருளைக் கண்ணாடித் திரைக்குள் தேடச் சொன்னால் யாருக்கும் அலுக்கும். அந்தப் பெட்டிக்கு ரிமோட் உண்டா என்று முதலில் பாருங்கள். சில பெட்டிகளில் ரிமோட்டிலேயே எண் பொத்தான்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டுப் பட்டியலைப் பதிந்துவைக்கலாம். ஒன்றை அழுத்தினால் சுப்ரபாதம், இரண்டில் நாகஸ்வரம், மூன்றில் அவருக்குப் பிடித்த பாடகர். வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ரிமோட் இல்லையென்றால் பென்டிரைவ் இருக்கிறது. யூஎஸ்பி சாக்கெட் உள்ள பெட்டியில் செருகி, 01, 02 என்று ஃபோல்டர் எண் போட்டு, அதே எண்ணை அந்தந்த சிடியின் அட்டையிலும் எழுதிவிடுங்கள். அப்பா அலமாரியில் இருந்து அட்டையை எடுப்பார், எண்ணைப் பார்த்து வைப்பார். மழையில் இணையம் போனாலும் இது பாடும். சரிகம நிறுவனம் 2017இல் பாட்டுகளை உள்ளேயே பதிந்து கொண்டுவந்த கார்வான் ரேடியோப் பெட்டி பெரியவர்களிடம் அவ்வளவு எடுபட்டதற்குக் காரணம், அதில் திருகும் பொத்தானும் இருந்ததுதான்.

எது செய்தாலும் ஒரு வாரம் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். ரிமோட்டை நீங்கள் வாங்கி அழுத்திக் காட்டாதீர்கள், அவர் கையிலேயே இருக்கட்டும்.

காப்பி எடுத்த பிறகு சிடிகளை விற்றுவிடலாமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். நம் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் கொடுக்கிறது. டிஸ்க்கை விற்றுவிட்டுக் காப்பியை வைத்துக்கொள்வதும், பென்டிரைவில் ஊருக்கெல்லாம் கொடுப்பதும் அதில் சேராது, அந்தக் கலைஞர்களுக்கும் நியாயம் இல்லை. தவிர, ஹார்ட் டிஸ்க் இரண்டும் போனால் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது அந்த சிடிகள்தான்.

வைக்கும்போது ஒன்று கவனியுங்கள். பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வைப்பார்கள். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, சின்னக் கீறலைப் பிளேயரே சமாளித்துவிடும். பாட்டைத் தாங்கும் அலுமினியப் படலம் இருப்பது படம் அச்சிட்ட பக்கத்துக்கு நேர் கீழே. மேலே மெல்லிய பூச்சு மட்டும்தான். அந்தப் பக்கம் ஆழமாகக் கீறினால் பாட்டு திரும்பாது. அதனால் பால்பாயிண்ட் பேனாவால் அதன் மேல் எழுதாதீர்கள், ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். துடைப்பதென்றால் பளபளக்கும் பக்கத்தை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்து, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி அடுக்குங்கள். ஈரத்தை உறிஞ்சும் புதுச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தட்டுக்கு ஒன்றாகப் போட்டுவைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை அண்டுவது குறையும்.