மகனுக்கு ரக்பி லீக் அழைப்பு: மறிப்பதா, விடுவதா?

வணக்கம் அண்ணா.

சிட்னியின் பராமட்டா ஈல்ஸ் ரக்பி லீக் கழகத்தின் பதினேழு வயதுக்குட்பட்ட அணிப் பயிற்சிக்கு மகன் தெரிவாகியிருக்கிறான், அந்த மின்னஞ்சல் வந்த நாள் தொட்டு வீட்டில் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிவுப் பரீட்சை எழுதிச் செலக்டிவ் ஸ்கூலில் இடம் எடுத்த பிள்ளை, மருத்துவம் படிப்பான் என்று நம்பியிருந்தோம், இப்போது ஃபுட்டிதான் (ரக்பி லீக்) வாழ்க்கை என்கிறான், மறிப்பதா விடுவதா என்பது உங்கள் கேள்வி.

மறிக்க வேண்டாம். ரக்பியா படிப்பா என்று இன்றைக்கு உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வயது அணிகள் ஆடும் ஹெரல்ட் மெத்தியூஸ் கோப்பை பெப்ரவரியில் தொடங்கி ஏப்ரல், மே வாக்கில் முடிந்துவிடும். கேட்கப்படுவது அந்த ஒரு பருவத்துக்கான சம்மதம் மட்டுமே. 11ஆம் ஆண்டின் முதல் தவணையில் கிழமைக்குச் சில மாலைகள் போகும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அடிபடும். பெரிய முடிவு அதற்குப் பிறகு, ஒப்பந்தக் கடதாசி மேசைக்கு வரும்போது எடுக்க வேண்டியது. உங்கள் பலத்தை அந்த நாளுக்கு வைத்திருங்கள்.

நீங்கள் கண்டியில் படித்தவர். டிரினிட்டியும் ரோயலும் மோதும் பிராட்பி கேடயத்தை மனதில் வைத்துக்கொண்டு, படிக்கும்போது விளையாடுவதுதானே, பிறகு வேலைக்குப் போவான் என்று நினைக்கக்கூடும். அது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். மகன் ஆடுவது 13 பேரின் ரக்பி லீக். வேலைக்குப் போகாமல் ஆட வந்த தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்ற தகராறில் 1895இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் பிரிந்து வந்து உண்டாக்கிய விளையாட்டு இது. காசு இதற்குள் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. சிட்னியின் மேற்குப் புறத்தில் இது ஒரு முழுநேரத் தொழில்.

அந்தத் தொழிலின் கணக்கைப் பார்ப்போம். அவுஸ்திரேலியாவின் உச்ச ரக்பி லீக் தொடரான என்.ஆர்.எல்.லில் இப்போது 17 கழகங்கள், ஒவ்வொன்றிலும் முதல் பட்டியலில் 30 பேர். மொத்தம் 510 இடங்கள். குவீன்ஸ்லாந்து, நியூசிலாந்து, பசிபிக் தீவுகள் என எல்லா இடத்துப் பெடியன்களுக்கும் இவ்வளவுதான். 2027இல் பேர்த் அணியும் 2028இல் பப்புவா நியூகினி அணியும் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். மகன் ஏற வேண்டிய படிகளோ ஹெரல்ட் மெத்தியூஸ், பிறகு 19 வயதுக்குட்பட்டோரின் எஸ்.ஜி. போல், 21 வயதுக்குட்பட்டோரின் ஜேர்சி ஃபிளெக், அதன்பின் என்.ஆர்.எல்.லுக்கு ஒரு படி கீழே உள்ள நியூ சவுத் வேல்ஸ் கோப்பை. ஒவ்வொரு படியிலும் பாதிப் பேருக்கு மேல் நின்றுவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே போனால் சம்பளம் குறைவில்லை. 2023இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தப்படி, முதல் 30 பேரில் இடம் பிடித்தவருக்கு அந்த ஆண்டு குறைந்தது 1,20,000 டொலர். 22 வயதில் பெரும்பாலான பட்டதாரிகளுக்கு அது கிடைக்காது. ஆனால் கழகம் வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அதில் பெரும்பங்கை ஆட்டத்தை வழிநடத்தும் ஹாஃப்பேக், கடைசிக் காவலில் நிற்கும் ஃபுல்பேக் போன்ற சிலரே அள்ளிக்கொள்வார்கள். பத்திரிகையில் வரும் மில்லியன் டொலர் ஒப்பந்தங்கள் அவர்களுடையவை. மற்றவர்கள் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் வாழ்கிறவர்கள். நன்றாக ஆடினாலும் முப்பது தாண்டியதும் கதவு சாத்தப்படும். கமரன் ஸ்மித் போல என்.ஆர்.எல்.லில் 430 ஆட்டங்கள் ஆடுபவர் ஒருவர்தான்.

உங்கள் மனைவியின் பயம் உடம்பைப் பற்றியது. அது வீண் பயம் இல்லை. 2014 மார்ச்சில் நியூகாசில் வீரர் அலெக்ஸ் மெக்கினனைத் தூக்கிப் போட்ட ஒரு டாக்கிளில் அவருடைய கழுத்து முள்ளெலும்பு முறிந்தது. அன்றோடு அவர் சக்கர நாற்காலிக்கு வந்தார். அப்படி நடப்பது அரிது. முழங்கால் தசைநார் அறுந்து ஒரு பருவம் முழுவதும் போவது சர்வ சாதாரணம். எனக்குக் கூடுதல் கவலை தலையைப் பற்றியது. 2022இல் இறந்த பயிற்சியாளரும் முன்னாள் ஹாஃப்பேக்குமான போல் கிரீனின் மூளையைச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.ஈ. நோய் தெரியவந்தது. உயிரோடு இருக்கும்போது இதை உறுதிசெய்ய வழி இல்லை. ஆகவே மூளை அதிர்வு விடயத்தில் வீட்டுச் சட்டம் ஒன்று இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் அடிபட்டால் 21 நாளாவது போட்டிக்குத் திரும்பக்கூடாது என்று 2024இல் வந்த தேசிய வழிகாட்டல் சொல்கிறது. அரையிறுதி இருந்தாலும், கோச் முகம் சுளித்தாலும், அந்த நாட்களைக் குறைக்க விடாதீர்கள். மகன் தலையிடியை மறைப்பான். அந்த வயதில் எல்லாரும் மறைப்பார்கள்.

அவன் உயரம் குறைவு, பசிபிக் தீவுப் பெடியன்களோடு எப்படி மோதுவான் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அலன் லாங்கர் 165 சென்ரிமீற்றர்தான், அவர் அவுஸ்திரேலியாவுக்கு ஆடிய ஹாஃப்பேக். மகன் பெரிய உடம்பு வேண்டிய முன்வரிசை ப்ராப் ஆகப் போவதில்லை, ஹூக்கரோ ஹாஃப்பேக்கோ ஆகலாம். அந்த இடங்களுக்கு மூளை வேலை செய்ய வேண்டும், அவனிடம் அது இருக்கிறது.

இனி மருத்துவம். ஜோர்ஜ் பெப்போனிஸ் என்பவரைப் பற்றி மகனோடு கதையுங்கள். கிரேக்கத்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, வைத்தியர், சிட்னியின் கன்ரபெரி கழகத்தின் ஹூக்கர். 1980இல் அந்தக் கழகம் கிராண்ட் ஃபைனல் வென்றபோது தலைவர் அவர்தான், தேசிய அணிக்கும் தலைமை தாங்கினார். ஆனால் இந்த உதாரணத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். அன்றைய வீரர்கள் பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். இன்று நவம்பரிலிருந்தே முழுநாள் பயிற்சி. முழுநேர ஒப்பந்தத்தோடு மருத்துவப் பீடத்தின் முதலாம் ஆண்டு ஒத்துப்போகாது. பிசியோதெரபி, விளையாட்டு விஞ்ஞானம், கணக்கியல் போன்றவற்றைப் பகுதிநேரமாக இழுத்துப் படிக்கலாம். பல்கலைக்கழகங்களில் உயர்நிலை விளையாட்டு வீரர்களுக்கென்றே பரீட்சையையும் ஒப்படைகளையும் தள்ளிவைக்கும் திட்டங்கள் உண்டு. 12ஆம் ஆண்டு முடிவில் பெறும் எச்.எஸ்.சி. சான்றிதழைக்கூட ஐந்தாண்டுக்குள் பகுதி பகுதியாக முடிக்க நியூ சவுத் வேல்ஸில் அனுமதி இருக்கிறது. அவனுக்கு அது தேவைப்படாது என்பது என் எண்ணம், ஆனாலும் அப்படி ஒரு வழி இருப்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்றுதான்: 12ஆம் ஆண்டின் கணிதமும் வேதியியலும் எந்தக் கோச்சுக்காகவும் கைவிடப்படக்கூடாது. பல்கலைக்கழக அனுமதிக்கான தரவரிசைப் புள்ளியான ஏட்டார் நல்லதாகக் கையில் இருந்தால் 24 வயதிலும் மருத்துவத்துக்கு முயலலாம். முழங்கால் 24 வயது வரை தாங்குமா என்பதற்கு ஒருவரும் கையெழுத்திட்டுத் தரமாட்டார்கள்.

பருவம் நன்றாகப் போனால் முகவர்கள் அழைப்பார்கள். என்.ஆர்.எல். அங்கீகாரம் பெற்றவரா என்று முதலில் கேளுங்கள். பெறாதவரோடு கதை வேண்டாம். பதினெட்டுக்கு உட்பட்டவன் என்பதால் உங்கள் ஒப்பமும் வேண்டும், எனவே அவசரப்படுத்த ஒருவராலும் முடியாது.

ஒப்பந்தத்தில் தொகையை விட முதலில் ஆப்ஷன் என்ற வரியைத் தேடுங்கள். மூன்றாம் ஆண்டு கழகத்தின் ஆப்ஷன் என்றிருந்தால், வைத்திருப்பதா அனுப்புவதா என்பது அவர்கள் கையில், மகன் கட்டுப்பட்டவன். வீரரின் ஆப்ஷன் என்றால் முடிவு அவனுடையது. காயப்பட்டால் சம்பளமும் சிகிச்சையும் எதுவரை, படிப்புச் செலவில் கழகத்தின் பங்கு என்ன, வேறு ஊருக்குப் போகச் சொன்னால் தங்குமிடம் யார் பொறுப்பு என்பவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கழகத்தில் நலன், கல்விக்கெனப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். பயிற்சி தொடங்கும் முன் அவரை ஒருமுறை சந்தியுங்கள். கேள்விகளை மகனே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் காணும்.