ஆயிரம் ரோஜா, ஏழு தடவை

கேள்வி: இன்றைய சென்ட்டில் பெரும்பகுதி ஸ்பிரிட்தானாமே? ஸ்பிரிட் இல்லாத காலத்தில் கிரேக்கர்களும் ரோமானியர்களும் எதைத்தான் பூசிக்கொண்டார்கள்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எண்ணெயைத்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் டயாஸ்கொரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் ரோஜா எண்ணெய்க்குப் பக்குவமே எழுதி வைத்திருக்கிறார். முதலில் ஒரு வாசனைப் புல்லை இடித்து எண்ணெயில் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் பூவாசத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். அப்புறம் ஈரம் படாத ஆயிரம் ரோஜாக்களின் இதழ். கையில் தேனைத் தடவிக்கொண்டு, மேலும் கீழுமாகக் கிளறி, லேசாகக் கசக்கி, ஒரு ராத்திரி ஊறவிட்டுப் பிழிந்தெடுக்க வேண்டும். அதோடு முடிந்ததா? இல்லை, அதே எண்ணெயில் மறுபடி புது ரோஜா. இப்படி ஏழு தடவை போடலாம், அதற்கு மேல் எண்ணெய் வாங்காது என்கிறார். எட்டாவது தடவை போட்டு ஏமாந்தவர் யாரோ, பாவம்!

வெயில் பட்டால் வாசம் போய்விடும் என்பதால் வெயில் விழாத இடமாகப் பார்த்துக் கடை வைத்தார்கள். ஈயத்திலும் வெண்சலவைக்கல் குப்பிகளிலும் எண்ணெயை ஊற்றி வைத்தார்கள்.

கேள்வி: பைபிளில் இயேசுவுக்குப் பூசியதாக வரும் நளத தைலம் எது? அதற்கு ஏன் 300 பணம் (அன்றைய ரோமானிய வெள்ளிக்காசு) விலை? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சடாமாஞ்சில்தான். கேட்டு வாங்கிப் பாருங்கள், சடை பிடித்த முடி மாதிரி ஒரு பழுப்பு வேர், மண்வாசனை கலந்த நெடி. இமயமலையில் விளைவது. அங்கிருந்து கங்கைக் கரைக்கு வந்து, சேரர்களின் முசிறித் துறைமுகத்தில் கப்பலேறி, செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அங்கே சரக்கில் நாலில் ஒரு பங்கு சுங்கமாகக் கழிந்து, அதன் பிறகுதான் ரோமானியச் சந்தைக்குப் போனது. விலை ஏறாமல் என்ன செய்யும்? அதே பைபிளில் திராட்சைத் தோட்டக் கூலி நாளொன்றுக்கு ஒரு பணம். ஆக 300 பணம் என்பது கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முசிறியில் சரக்கேற்றிய ஹெர்மாபோலோன் என்ற கப்பலின் கணக்கு ஒரு பாப்பிரஸ் (எகிப்து நாணல் தாள்) துண்டில் இருக்கிறது. இப்போது வியன்னாவில் வைத்திருக்கிறார்கள். அதில் தந்தம், துணியோடு 60 பெட்டி கங்கை நளதமும் வருகிறது.

ரோமானிய எழுத்தாளர் பிளினிக்கு இந்தச் செலவைக் கண்டாலே ஆகாது. முத்து வாங்கினால் வாரிசுக்காவது போய்ச் சேரும், தைலம் பூசிய உடனே போய்விடுகிறது, அதுவும் பூசியவருக்கே அந்த வாசம் தெரிவதில்லை என்று புலம்பியிருக்கிறார்.