எர்ணாகுளம் மங்களவனத்தில் போய்ப் பார்க்கும் அளவுக்கு என்னதான் இருக்கிறது?

ஊஞ்சல், சறுக்குமரம், பூச்செடி எதிர்பார்த்தால் ஒன்றும் இல்லை, பேசாமல் சுபாஷ் பார்க்குக்குப் போய்விடுங்கள். மரமும் பறவையும் சேறும் போதும் என்றால் மேலே படியுங்கள்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, வேலை எர்ணாகுளத்தில். ஹைகோர்ட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு காடு இருப்பது இரண்டு வருஷமாக எனக்கே தெரியாது. நிலத்தகராறு வழக்குக்காக ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார், வக்கீல் சாப்பாட்டுக்கு அப்புறம் வரச் சொல்லிவிட்டார், நிழல் தேடிச் சுற்றியபோதுதான் அந்த கேட் கண்ணில் பட்டது.

மொத்தமே 2.74 ஹெக்டேர், நம் கணக்கில் ஏழு ஏக்கர்கூட வராது. நடுவில் ஆழமில்லாத நீர்நிலை, சுற்றிலும் கண்டல் மரங்கள், அதாவது அலையாத்தி மரங்கள். காயலோடு, அதாவது கடலோடு சேரும் உப்பங்கழியோடு, இதைச் சேர்ப்பது ஒரே ஒரு கால்வாய்தான். கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் அது வழியாக உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும், காடு உயிரோடு இருப்பதே அதனால்தான். சேற்றில் பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து பெரியப்பா, "ஏண்டா தம்பி, இத்தனை குச்சிய யாரு நட்டு வெச்சது?" என்றார். அவ்வளவும் உப்பட்டி என்ற கண்டல் மரத்தின் வேர். சேற்றுக்குள் காற்று கிடையாதே, அதனால் மூச்சு விட மேலே வருகிறது. இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார், நல்ல உப்பு. வேர் தறிகெட்டு நாலாபக்கமும் பாயும் இன்னொரு வகை உண்டு, அதற்கு மலையாளத்தில் பிராந்தன் கண்டல் என்று பெயர், அதாவது பைத்தியக் கண்டல். பெரியப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, எங்கள் பங்காளி ஒருவருக்கு அன்றே அந்தப் பெயரை வைத்துவிட்டார்.

பறவைகளில் நீர்க்காகமும் இராக்கொக்கும் இங்கேயே கூடு கட்டும். இராக்கொக்கு நைட் ஷிஃப்ட்காரன், பகலில் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கிளையில் தூங்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். வௌவாலும் உண்டு. 2004-ல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

வரலாறு என்றால் பக்கத்தில் இடிந்து கிடக்கும் பழைய ரயில்வே ஸ்டேஷனைச் சொல்ல வேண்டும். 1902-ல் ஷொறணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் வந்தபோது கடைசி ஸ்டேஷன் அதுதான். கொச்சி ராஜா ராம வர்மா, திருப்பூணித்துறை கோவில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டம் 15-ல் 14-ஐ விற்று இந்த ரயில் பாதைக்குக் காசு திரட்டினார் என்று இன்றும் சொல்கிறார்கள். வைக்கம் போகும் வழியில் 1925-ல் காந்தி வந்து இறங்கியதும் அங்கேதான். இப்போது புதர்தான் மிச்சம்.

காலையில் சீக்கிரம் போங்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கொசு சும்மா விடாது, சேற்று வாடையும் இருக்கும், ஆனால் பத்து நிமிஷத்தில் மூக்கு பழகிவிடும்.