வாடகை வீடும் மழைக்காலமும்

கேள்வி: மகளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சாஸ்தமங்கலத்தில் மரங்கள் அடர்ந்த தெருவில், பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், புதிதாகச் சீரமைத்த ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றை மார்ச்சில் பார்த்தோம். டைல்ஸ், பெயின்ட், சமையலறை அலமாரி எல்லாம் புதியவை. 11 மாத ஒப்பந்தம்தான் போடுவார்களாம். முன்பணம் கொடுத்துவிடலாமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, மார்ச்சில் எந்த வீடும் யோக்கியமாகத்தான் தெரியும். நீங்கள் இருப்பது கேரளத்தில் மழை குறைந்த கிழக்கு ஓரம். அந்தக் கணக்கை வைத்துத் தெற்கே வீடு பார்க்கக் கூடாது. அங்கே ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழை. மரநிழல் சுகம்தான், ஆனால் நிழல் விழுகிற சுவர் நனைந்தால் லேசில் காயாது. ஓதம் ஏறி, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். புதுப் பெயின்ட் அதைச் சில மாதம் மறைக்கும், அவ்வளவுதான்.

கோடை மழை ஒன்று பெய்த மறுநாள் மீண்டும் போய்ப் பாருங்கள். மேல்தளம் என்பதால் மொட்டைமாடியைக் காட்டச் சொல்லுங்கள். இலைச்சருகு வடிகுழாயை அடைத்துத் தண்ணீர் தேங்கினால், அது உங்கள் மகளின் கூரை வழியாகத்தான் இறங்கும். மாடிக்குச் சாவி இல்லை என்று இழுத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பிறகு குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுங்கள். பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டுகிறவர்கள் உண்டு. தரை உயர்ந்து, வாட்டம் கெட்டு, தண்ணீர் படுக்கையறைப் பக்கம் திரும்பும். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சமையலறை அலமாரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சுவருக்குள் ஓடும் கம்பியையும் குழாயையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். மெயின் பெட்டியில் இ.எல்.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, இருக்கிறதா பாருங்கள்; அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால், அதைப் பொருத்திய பிறகே முன்பணம்.

11 மாதம் என்பதில் சூது இல்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. மலையாளத்தில் எழுதியிருந்தால் கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘காலி செய்யும்போது பெயின்ட் அடித்துத் தர வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். இருந்தால் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமே இயல்பான தேய்மானத்துக்கு இடம் கொடுக்கிறது. பதிலாக, கூரைக் கசிவை யார் சரிசெய்வது என்பதை எழுத்தில் வாங்குங்கள். குடிபோகும் அன்று மின் மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். பழைய பாக்கி அவள் தலையில் விழாது.

கேள்வி: பக்கத்து மரக்கிளை என் வாடகை வீட்டு பால்கனிக்குள் நீள்கிறது. வெட்டலாமா?
– ஒரு வாசகர், சித்தூர், ஆந்திரம்

பதில்: வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், மரத்துக்காரரோடு அவர் பேசிக்கொள்ளட்டும். கிளை மின்கம்பியை ஒட்டியிருந்தால் மின்வாரிய ஆட்களைத் தவிர யாரும் அரிவாள் எடுக்கக் கூடாது. முருங்கை மரமாக இருந்தால், ஏன் புகார் செய்கிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை.